ஃபேன் போடாத சமையலறை

என் அன்புள்ள கோபக்காரிக்கு,

நான் நலமில்லை. நீயாவது நலமாக இரு.

நீ போனை எடுக்க மாட்டேன் என்று அடம்பிடிப்பதால்தான் இந்தக் கடிதம். நேற்றும் மச்சான்தான் எடுத்தார். நீ தூங்குகிறாயாம். காலை பதினொரு மணிக்கு! உன் அண்ணனுக்குப் பொய் சுட்டுப்போட்டாலும் வராது. அத்தைக்கு முட்டிவலி குறைந்ததா?

நீ போன இந்த இரண்டு மாதத்தில் இங்கே ஒரு வம்பு. சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனில் அணில் கூடு கட்டிவிட்டது. உள்ளே மூன்று குட்டிகள், இன்னும் கண் திறக்கவில்லை. ஊரார் ஃபேனையெல்லாம் ரிப்பேர் பார்க்கிறவன், என் வீட்டு ஃபேனைப் போட முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன். எங்கே உட்கார? இருப்பே கொள்ளவில்லை. கடையில் மோட்டாருக்குக் காயில் சுற்றும்போதே, பழக்கதோஷத்தில் சுவிட்சைத் தட்டிவிட்டு வந்தேனோ என்று பகீரென்றிருக்கும். போட்டது போட்டபடி வீட்டுக்கு ஓடிவருவேன். கடைசியில் வயரையே கழற்றிவிட்டேன். அப்படியும் ஓடிவருகிறேன். புகை குட்டிகளுக்கு ஆகாதென்று அடுப்பும் பற்றவைப்பதில்லை, வெளியில்தான் சாப்பாடு. குச்சியால் ஒரு தள்ளு தள்ளினால் வேலை முடிந்தது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். மனுஷனா அவர்?

இனிமேல்தான் விஷயம். அடிக்க வராதே.

ஸ்டூல் போட்டு ஏறிக் கூட்டைப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று இலவம்பஞ்சு. நடுவில் மஞ்சள் பூப்போட்ட துணிக் கிழிசல். ஆறாம் மாதத்தில் நீ உட்கார்ந்து தைத்தாயே, அந்தக் குட்டி மெத்தை.

ஆஸ்பத்திரியிலிருந்து நாம் வெறுங்கையோடு திரும்பிய அன்று, மெத்தை எங்கே என்று கேட்டாய். குப்பையில் போட்டுவிட்டேன் என்றேன். கல்நெஞ்சக்காரன் என்று சொல்லிவிட்டுப் போனாய். சத்தியமாகச் சொல்கிறேன், தொட்டிவரைக்கும்தான் கொண்டுபோனேன். போட மனசு வரவில்லை. திரும்பக் கொண்டுவந்து பரணில் பெட்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். நீ கத்தியபோதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது.

பாதி மெத்தை போய்விட்டது. தாய் அணில் இன்னும் வந்து வாய்கொள்ளாமல் பஞ்சு பிடுங்கிக்கொண்டு போகிறது. மீதியை எடுத்துப் பூட்டிவைக்கவா, விட்டுவிடவா? நீ தைத்தது, நீதான் சொல்ல வேண்டும். இந்தத் தடவை உன்னைக் கேட்காமல் எதையும் தொட மாட்டேன்.

பத்து நாளில் குட்டிகள் கண் திறந்துவிடும் போலிருக்கிறது. அதற்குள் வந்துவிடு. அழுவதானாலும் இரண்டு பேரும் சேர்ந்தே அழுவோம்.

இப்படிக்கு,
சுவிட்சைத் தொடாத
உன் வீட்டுக்காரன்