தவிட்டுக்கு வாங்கின பிள்ளைக்கு

அல்லிநகரம்
12-11-1981, வியாழன் இரவு

அன்புள்ள பிச்சம்மாளுக்கு,

ஊரெல்லாம் படுத்த பிறகு உட்கார்ந்து எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே, எழுத்து கோணலாக இருந்தால் அது கரண்ட் போய்ச் சிம்னி விளக்கு புகைவதால்தான், வேறொன்றும் நினைத்துக்கொள்ளாதே. நான் இங்கன சுகம், உன் அப்பா ஏலக்காய் எஸ்டேட்டில் சுகம், சனிக்கிழமை மலையிலிருந்து இறங்கி வருவார்கள். உன் சுகத்தைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. வார்டனைப் பற்றியும் ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, கடைசியில் இடமில்லாமல் ஓரத்தில், நாலு நாளாக் காய்ச்சல் விட்டு விட்டு வருது, பயப்படாதீங்க என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய். சாயங்காலம் போஸ்ட் ஆபீஸுக்குப் போய் மெட்ராஸுக்கு ட்ரங்க் கால் போட்டுக் காத்திருந்தேன், மழையில் லைன் கிடைக்கவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். வந்து சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டேன்.

அந்தக் கடைசி வரியைப் படிப்பதற்கு முன்னால் முதல் வரியைப் படித்தேன் அல்லவா, அதைச் சொல்கிறேன். மத்தியானம் தபால்காரர் சுருளியாண்டி கொடுத்துவிட்டுப் போனார், அடுப்பில் பருப்பு கிடந்தது, நின்றபடியே பிரித்தேன். அன்புள்ள அம்மாவுக்கு என்று இருந்தது. கோம்பைக்கு, அம்மா என்று கூப்பிடுகிற என் அக்காவுக்குப் போட வேண்டியதைப் பிள்ளை இங்கன போட்டுவிட்டாளே, ஆவணியில் அக்காவைச் சுடுகாட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தபோது இவளும்தானே தலைவிரி கோலமாக நின்றாள், அதுகூடவா மறந்துபோகும் என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். என் பெயர்தான் இருந்தது, ராஜமணி, தெருப்பெயர், கதவு எண் எல்லாம் சரியாக இருந்தது. பிறகுதான் உள்ளே படித்தேன். நீ சித்தி என்று சொல்வதைக் கேட்ட ரூம் பிள்ளைகள், ஏண்டி, மாற்றாந்தாயா உனக்கு இவ்வளவு அதிரசம் சுட்டு அனுப்புறாங்க என்று கேட்டதையும், நீ பாத்ரூமில் போய் அழுததையும், அம்மான்னு கூப்பிட்ட பெரியம்மாவும் போயிட்டாக, இனி பெத்த உங்களையே அப்படிக் கூப்பிடுறேன், அந்தத் தவிட்டுக் கதையை முழுசா எழுதுங்க என்று கேட்டிருப்பதையும் படித்தேன். பருப்பு அடிப்பிடித்துத் தெருவரை வாடை போய்விட்டது.

பிள்ளைகளை அழவைத்து வேடிக்கை பார்க்க எல்லா வீட்டிலும் உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம் என்று சொல்வார்கள். உன் விஷயத்தில் அது நிசமாக நடந்தது. உனக்கு முன்னால் எனக்கு இரண்டு ஆண் பிள்ளைகள். ஒருவனுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, மற்றவனைப் பல் முளைக்கிற சமயத்தில் வயிற்றுப்போக்கு கொண்டுபோயிற்று. நான் மதுரையில் தங்கி விலங்கியல் படித்து பி.எஸ்ஸி. வாங்கினவள், எந்தக் கிருமி எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும், தெரிந்து பிள்ளையா திரும்பி வந்தது. நீ பிறந்ததும் அக்கா கோம்பையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள், செம்பில் தண்ணீர் கொடுத்ததைக்கூட வாங்கவில்லை. ஏடி ராசு, உன் பேர்ல இருந்தா தங்க மாட்டேங்குது, இதை எனக்கு வித்துரு என்றாள். அக்கா, இதெல்லாம் மூடத்தனம், நான் படித்தவள் என்றேன். சரி ஆத்தா, படிச்சதை நீ வச்சுக்கோ, பிள்ளையை எனக்குக் குடு என்றாள்.

உன்னை முறத்தில் கிடத்தி வாசற்படியில் வைத்தார்கள். அக்கா தெருவில் போகிறவள் மாதிரி இடுப்பில் தவிட்டுப் படியோடு வந்து நின்று, என்னம்மா, பிள்ளை என்ன விலை என்று ஊருக்கே கேட்கிற மாதிரிக் கேட்டாள், கேட்க வேண்டிய எமன் காதில் விழட்டும் என்று. ஒரு படி தவிட்டுக்குக்கூடப் பெறாது என்று நான் சொல்ல வேண்டும். கையைக் காலை ஆட்டிக்கொண்டு வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்குகிற பிள்ளையைப் பார்த்து எப்படிச் சொல்வது. அக்கா மறுபடி கேட்டாள், நான் உன் மேல் கிடந்த துணியை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தேன், உன் அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார்கள். அக்கா என் காதோரம் வந்து, சொல்லித் தொலையேன்டி, எனக்கும் நெஞ்சு அடிக்குது என்றாள். சொல்லிவிட்டேன். தவிட்டை என் மடியில் கொட்டிவிட்டு உன்னைத் தூக்கிக்கொண்டாள். இனிமே நாந்தான் இவளுக்கு அம்மா, நீ சித்தி, பால் குடுக்கத்தான் உங்கிட்ட விட்டுட்டுப் போறேன் என்றாள். பிச்சம்மாள் என்று பெயர் வைத்ததும் அவள்தான். உன் அப்பாவுக்கு மட்டும் பெயர் மாறவில்லை, பெத்தவ பேருக்குத்தான் கண்ணேறு என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் எப்போதும் அப்பாதான்.

உங்களுக்குப் பெரியம்மா மேலே பொறாமையே இல்லையா என்று கேட்டிருக்கிறாய். எங்கள் அம்மா போனபோது எனக்கு நினைவு தெரியாது, பண்ணைப்புரத்தில் அக்காதான் என்னை வளர்த்தாள், அவளே தாவணி போடுகிற வயசுதான். வாய்க்காலில் துணி துவைக்கும்போது நான் தண்ணீரில் போய்விடுவேன் என்று தாவணி முனையை என் இடுப்பில் கட்டி மறுமுனையைத் தன் இடுப்பில் முடிந்துகொள்வாள். அவள் குனிந்து துணியை அடிக்க அடிக்க நான் இங்கும் அங்கும் இழுபடுவேன், இரண்டு பேரும் சிரிப்போம். தனக்கென்று ஒரு பிள்ளை இல்லாமலே போய்விட்டாள். அவள் மேல் எனக்கு என்ன பொறாமை வரும். மாதம் தவறாமல் வந்து உன்னைத் தூக்கி எடை பார்ப்பாள், என் பிள்ளை கழுத்தெலும்பு தெரியுது, என்னத்தப் போட்ட என்பாள். வாங்கினவள் நீதானே, கூட்டிட்டுப் போய் ஆக்கிப் போடு என்பேன். அது எங்களுக்குள் இருந்த விளையாட்டு.

ஆனால் நீ முதன்முதலாக வாய் திறந்து ம்மா என்று சொன்னது என் முகத்தைப் பார்த்துத்தான். அன்றைக்கு வீட்டில் யாருமில்லை. நான் உன் தாடையைப் பிடித்துத் திருப்பி, தெருவில் நின்ற பசுமாட்டைக் காட்டி, அதோ அம்மா, அதோ அம்மா என்று சொல்லிக் கொடுத்தேன். நீயும் கைதட்டிக்கொண்டு மாட்டைப் பார்த்துச் சொன்னாய். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது டீச்சர் யாரு கூட வந்திருக்க என்று கேட்க, சித்தி கூட என்றாய், அந்த அம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்து, தாயில்லாப் பிள்ளைம்மா, அடிக்காம வளருங்க என்று புத்தி சொன்னார்கள். சரிங்க டீச்சர் என்று சொல்லிவிட்டு வந்தேன். இதையெல்லாம் அக்காவிடம் சொன்னதில்லை, சொல்லியிருந்தால் அவள் அன்றைக்கே உன்னைத் திருப்பிக் கொடுத்திருப்பாள், எனக்கு அதுதான் பயம்.

இப்போது அக்காவும் இல்லை. அவள் போனால் அந்த வியாபாரம் என்ன ஆகும், நீ யார் பேரில் இருக்கிறாய் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஒருத்தரும் இல்லை, உன் அப்பாவிடம் கேட்டால் நீ படிச்சவதானே என்று சிரிப்பார்கள். மழை பெய்கிற சத்தத்தில் வீடு ரொம்பப் பெரிசாகத் தெரிகிறது. உன் கடிதத்தின் முதல் வரியை எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை, வாய்விட்டும் படித்துப் பார்த்தேன், கேட்க ஆளில்லாததால் வெட்கப்படவில்லை. அப்புறம் அதே தாளில் அந்த ஓரத்து வரியும் இருக்கிறது. காய்ச்சல் கொசுவாலும் தண்ணீராலும் வருகிறது, கூப்பிடுகிற பெயரால் வருவதில்லை, பரீட்சையில் கேட்டால் அப்படித்தான் எழுதுவேன். ஆனால் நீ அந்த வார்த்தையை எழுதின வாரமும் காய்ச்சல் வந்த வாரமும் ஒன்றாக இருக்கிறதே, என்னால் அதைத் தள்ள முடியவில்லை பிச்சம்மா.

அதனால் ஒன்று கேட்கிறேன், சிரிக்காதே, ரூம் பிள்ளைகளிடம் காட்டாதே. காய்ச்சல் சுத்தமாக விட்டு, தலைக்கு ஊற்றி, வாய்க்கு ருசி வந்து நாலு வேளை சாப்பிடுகிற வரைக்கும் எனக்குச் சித்தி என்றே எழுது. பிறகு நீ எப்படிக் கூப்பிட்டாலும் நான் உண்டு என்பேன். ரூம் பிள்ளைகள் கேட்டால் மாற்றாந்தாய் என்றே நினைத்துக்கொள்ளட்டும், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. இத்தனை வருஷம் இருந்தவளுக்கு இன்னும் கொஞ்ச நாள் பெரிசில்லை.

ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் நீயே வாய்விட்டுக் கேள், மலேரியாவா டைபாய்டா என்று தெரியாமல் மாத்திரையை விழுங்காதே. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி, மெஸ் ஆயாவிடம் கெஞ்சியாவது கஞ்சி வைக்கச் சொல். உன் அப்பா வந்ததும் சொல்லி வைக்கிறேன், அடுத்த வியாழக்கிழமைத் தபாலுக்குள் உன் எழுத்து வராவிட்டால் நான் பஸ் ஏறிவிடுவேன், வார்டன் என்ன சொன்னாலும் சரி. நோய் நொடி இல்லாமல் நீ நல்லா இருக்க வேண்டும், படிப்பு முடிந்து நல்ல வேலையில் உட்கார வேண்டும், அக்கா மேலே இருந்து பார்த்துக்கொள்வாள். கார்டில் இரண்டு வரி போதும், எழுந்து உட்கார முடிந்ததும் சீக்கிரம் பதில் போடு.

இப்படிக்கு,
உன் சித்தி
ராஜமணி