வரப்பில்லாத நிலம்

வைகாசி 24, வெள்ளி

காலையிலேயே கொளுத்துகிற வெயில். சுண்ணாம்பு கரைத்தேன். குமரேசன் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, கால்பந்து மைதானத்துக்குக் கோடு போட்டது நான். கோலம் போட்ட கை, ஓரிடத்திலும் கோணவில்லை. “மதராஸ் ஸ்டேடியத்துல கூட இப்படிக் கோடு இல்ல அப்பாயி” என்றான். பொய்தான். என் பேரன் சொல்கிற பொய், இருக்கட்டும்.

தலையாரி கண்ணையன் வாய்க்கால் கரையில் சைக்கிளை நிறுத்திக் கத்தினான். “என்ன ஆத்தா, பேரன் பந்து வெளைய வக்கிறானாமே! ஏக்கருக்கு எத்தன மூட்ட காணும்?”

“உங்க வம்சத்துல எவனாச்சும் பேப்பர்ல போட்டோவா வந்திருக்கானாடா?” என்றேன். சைக்கிளை மிதித்துப் போனான்.

வாங்க வேண்டியது: கருவாடு, மண்ணெண்ணெய், கு. முட்டிக்கு நல்லெண்ணெய்.

வைகாசி 26, ஞாயிறு

காற்றே இல்லை. கு.வுக்கு வலது முட்டி வீங்கியிருக்கிறது. எண்ணெய் தேய்த்துவிட்டேன். அறுப்பு முடிந்த தாள் வயலில் வைக்கோல் உருண்டையை உதைத்துப் பழகிய கால். பிறகு தஞ்சாவூர் காலேஜ் டீம். மதராஸில் பெரிய கம்பெனி டீம். கல்கத்தாவில் இந்தியா டீமுக்கு ஆள் எடுக்கிற முகாம். அங்கேதான் எவனோ வந்து மோதி, முட்டி போனது. அவன் கை விளங்காமல் போக.

வந்து படுத்துக் கிடக்கவில்லை. பஞ்சாப் பக்கம் போய்க் கோச் படிப்பு படித்துத் திரும்பினான். வேலை மட்டும் வரவில்லை. கட்சிக்காரரைப் போய்ப் பார் என்றார்கள். “மால வாங்கிக்கிட்டு வரிசையில நிக்க மாட்டேன்.” என் கொழுப்பு அப்படியே அவனுக்கு.

நம் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தான். மேலத்தெருக் களத்தில் நம் பிள்ளைகள் கால் வைக்கக் கூடாது. அதனால் போன வருஷம் சம்பா அறுத்ததும் நம் நிலத்திலேயே நடு வரப்புகளை வெட்டி, மூன்று துண்டையும் ஒரே தட்டாக்கினான். அவன் அம்மா பாக்கியம் அழுதாள். “சோறு போடுற வரப்புடா, மண்வெட்டிய வக்காத.” பட்டா என் பேரில். வெட்டடா என்று சொன்னேன். அதற்குப் பிறகு நெல் வைக்கவில்லை.

பயல்கள் என்னமாய் ஆடுகிறார்கள். அடுத்த மாதம் தஞ்சாவூரில் மேட்ச்.

வைகாசி 28, செவ்வாய்

நோட்டீஸ். கண்ணையன் கொண்டுவந்தான், இன்றைக்குக் கேலி பேசவில்லை. யாரிடமும் கொடுக்காமல் நானே படித்தேன். அஞ்சாம் வகுப்புப் படிப்பு இதற்குத்தான் உதவியது.

உச்சவரம்புச் சட்டத்தில் பண்ணையாரிடமிருந்து எடுத்து எங்களுக்குக் கொடுத்த நிலம். பயிர் செய்யாமல் கிடக்கிறது, வரப்பு கூட இல்லை, திருப்பி எடுக்க வேண்டும் என்று பண்ணையார் மகன் மனு போட்டிருக்கிறான். ஆனி பத்தாம் தேதி தாசில்தார் நேரில் வருகிறார். தரிசாக இருந்தால் பட்டா ரத்து.

கூலி கேட்டு ஜெயிலுக்குப் போய், தோள்பட்டை இறங்கி வந்தவர் என் வீட்டுக்காரர். பட்டா கையில் வந்த அன்று இந்த மண்ணை அள்ளி மடியில் கட்டிக்கொண்டு தூங்கினார்.

நோட்டீஸை மடித்துப் பட்டாவோடு வைத்தேன்.

ஆனி 1, சனி

வெயில் கொஞ்சம் மட்டு. கட்சிக் கிளைச் செயலாளர் வந்தார்.

“நம்ம ஆட்சி நடக்குது ஆத்தா, எதுக்குக் கவலப்படுறீங்க?”

“ஆட்சி நடக்குறது சரி. தாசில்தாரும்ல நடந்து வர்றாரு?”

சிரித்தார். அப்புறம் மெதுவாக, “ஒரு போகம் வச்சிருங்க. பந்த வேற எங்கயாச்சும் ஆடட்டும்” என்றார்.

“எங்க? பண்ணையார் வீட்டு வாசல்லயா?”

மோரைக் குடித்துவிட்டுப் போனார்.

கு. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: “மேட்ச் முடியிற வரைக்கும் அப்பாயி. ரெண்டு பயல பெரிய டீமுக்கு எடுப்பாங்க. நான் போகாத எடத்துக்கு அவனுங்க போவானுங்க.”

“தாசில்தார் மேட்ச் முடிஞ்சா வர்றாரு?” என்றாள் பாக்கியம். அவன் எழுந்து போய்விட்டான்.

ஆனி 3, திங்கள்

வெண்ணாற்றில் தண்ணீர் வந்துவிட்டது. தெருவே கரையில் நிற்கிறது. நுரையும் குப்பையுமாகச் செம்மண் தண்ணீர். பெண்கள் மஞ்சள், பூ போட்டார்கள். நானும் போட்டேன். கும்பிட மனம் வரவில்லை.

நாளை நம் வாய்க்காலுக்கு வரும்.

சாயங்காலம் பயல்கள் ஆடுவதை உட்கார்ந்து பார்த்தேன். கு. விசில் ஊதினால் கோழிக்குஞ்சு மாதிரி ஓடி வருகிறார்கள். நொண்டிக்கொண்டே ஒரு பந்தை உதைத்துக் காட்டினான். கம்பத்துக்கு உள்பக்கமாக வளைந்து போனது. கல்கத்தா வரை போன கால்.

ஆனி 4, செவ்வாய்

விடிந்ததும் மண்வெட்டியோடு போனேன். மடையை நானே வெட்டிவிட்டேன்.

கோல் கம்பம் பக்கம் முதலில். அப்புறம் நடு வட்டம். வரப்பு ஒன்றும் இல்லையே, தடுப்பதற்கு. ஒரே வீச்சில் பரவிவிட்டது. நான் போட்ட சுண்ணாம்புக் கோடு பால் மாதிரி கரைந்து ஓடியது.

கு. பந்துப் பையோடு வந்து நின்றான்.

“யாரு தொறந்தது?”

“நான்தான்.”

“என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நீ ‘சரி’ம்ப. அந்த வார்த்தய ஒன் வாயால கேக்க எனக்குத் தெம்பு இல்ல.”

பையைக் கரையில் வைத்தான். மண்வெட்டியை வாங்கிக்கொண்டு இறங்கினான். சேற்றில் முட்டி மடங்கி உட்கார்ந்துவிட்டான். தூக்கப் போனேன். “விடு அப்பாயி.” எழுந்து வரப்பு போட ஆரம்பித்தான். வெட்டினவனே போட்டான்.

பாக்கியம் விதை நெல்லை ஊற வைத்தாள்.

ஆனி 10, திங்கள்

மேகம். மழை இல்லை. தாசில்தார் ஜீப்பை விட்டு இறங்கவில்லை. உழுத சேற்றையும் புது வரப்பையும் நாற்றங்காலையும் பார்த்தார். கண்ணையன் நல்ல மாதிரி சொன்னான்: “நஞ்சைதாங்கய்யா, நாத்து விட்டிருக்கு.” எழுதிக்கொண்டு போய்விட்டார். நிலம் நம் கையில் நின்றது. தண்ணீருக்கு நடுவில் அந்தச் சவுக்குக் கோல் கம்பங்கள். பிடுங்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மத்தியானம் கு. திருப்பூருக்குக் கிளம்பினான். பனியன் கம்பெனியில் உட்கார்ந்து செய்கிற வேலையாம். மேட்சுக்கு வரமாட்டோம் என்று தஞ்சாவூருக்குச் சொல்லிவிட்டானாம். பஸ் ஏறும் முன் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி என் கையில் வைத்தான்.

“நாத்தங்கால்ல குருவி விழும். ஊதி வெரட்டு.”

சாயங்காலம் முளை விதை மேல் குருவி கூட்டமாக இறங்கியது. கை தட்டினேன், போகவில்லை. விசிலை எடுத்து ஊதினேன்.

தெருவிலிருந்து பயல்கள் எல்லோரும் ஓடி வந்துவிட்டார்கள்.