விளக்கு வைத்த பிறகு குடித்த தண்ணீர்

18-5-1981, திங்கள்

உறுதியான தகவல் இவ்வளவுதான்: நேற்று நயினார் வீட்டுக் கல்யாணத்தில் மாலைப் பந்தியில் உட்கார்ந்தவர்களில் பத்துப் பேருக்கு மேல் வாந்தி, பேதி. சொன்னவர் ஆஸ்பத்திரி கம்பவுண்டர் தருமன். தயிர் சாதம் காரணமாக இருக்கலாம் என்பது அவருடைய ஊகம். மாதிரி சோதனைக்குப் போயிருக்கிறது. நாங்கள் சமணர்கள். பொழுது சாய்வதற்குள் எங்கள் ஆட்கள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். அதற்காக மத்தியானமே பிசைந்து மூடி வைத்த சாதம். இந்த வைகாசி வெயிலில்!

அவர்களில் ஒருத்தி என் வீட்டுக் கூடத்தில் படுத்திருக்கிறாள். என் அக்கா அனந்தம்மாள். எட்டு வருஷமாக இந்த வாசல்படியை மிதிக்காதவள்.

களம்பூர் பஸ்ஸுக்கு என்று காலையில் கிளம்பி, பஸ் ஸ்டாண்டில் விழுந்திருக்கிறாள். ரிக்ஷாக்காரர் தங்கவேலு கொண்டுவந்தார். தெருவில் நெசவுக்குப் பாவு நீட்டியிருந்ததால் வண்டி முனையோடு நின்றது. பட்டு இழையில் இடித்துவிடாமல் சுவரோரமாக அவளைத் தாங்கி வந்தோம். யார் வீடு என்று தெரிந்ததும் தங்கவேலுவைத்தான் திட்டினாள்.

“இங்க ஏன்டா கொண்டாந்தே? ரோட்லயே போட்டிருந்தா நிம்மதியா செத்திருப்பேன்.”

“ரோட்ல போட்டா போலீஸ் என்னைத்தாம்மா புடிக்கும்” என்றார் அவர்.

விஷயம் பழையது. எழுபத்து மூன்றில் களம்பூர் மில் ஒன்றில் பதுக்கிய அரிசி பிடிபட்டது. மாமா, அக்காவின் புருஷன், அதில் பங்குதாரர். நான் பேப்பர் நிருபர்; செய்தியைப் பெயரோடு அனுப்பினேன். சரியான செய்தி. இன்றைக்கும் ஒரு எழுத்தை மாற்றமாட்டேன். பிற்பாடு மாமா மாரடைப்பில் போனார். அக்காவைக் கேட்டால் நான்தான் கொன்றேன். அவர் போன நாளிலிருந்து அவளுக்கு ஒரு விரதம். விளக்கு வைத்துவிட்டால் சாப்பாடு மட்டுமல்ல, தண்ணீரும் கிடையாது. உயிர் உள்ளவரை.

19-5-1981, செவ்வாய், மத்தியானம்

என் மனைவி கனகவதி நேற்றெல்லாம் நாத்தனாருக்கு வைத்தியம் பார்த்த லட்சணம்: ஓமத்தை வறுத்துக் கஷாயம், மாதுளந்தோலை அரைத்து மோரில். எல்லாம் ஒரு மிடறு, அதற்கு மேல் இல்லை. தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று இருவருக்கும் ஒரே நம்பிக்கை. வேறு எதிலும் இவர்கள் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. பொழுது சாய்ந்ததும் அந்த மிடறும் நின்றது. காலையில் அக்காவின் கண் குழிந்திருந்தது. குரல் கம்மியிருந்தது. திட்டுவது மட்டும் குறையவில்லை.

அடுத்த வீட்டு முனியம்மாள், தறியை நிறுத்திவிட்டு, இஞ்சிச் சாற்றில் தேன் விட்டுக் கொண்டுவந்தாள். நல்ல மனசுதான். ஆனால் எங்களுக்கு இஞ்சி மண்ணுக்குள் விளைவது, ஆகாது. தேனோ அதைவிட ஆகாது. அக்கா முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். “விஷம் வெச்சது பத்தலைன்னு தேனும் வாங்கியாந்தியா?”

“இவங்க பொழைச்சுக்குவாங்க. வாய் இருக்குது” என்று முனியம்மாள் கிண்ணத்தோடு திரும்பிப் போனாள்.

டாக்டர் ராமதாஸ் வந்தார். புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டார். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. தண்ணீரை நிறுத்தியது யார் என்று கேட்டார். கனகவதி என்னைப் பார்த்தாள். என்னை ஏன் பார்க்க வேண்டும்?

அவர் சொன்னது: போவது போகட்டும், போனதற்கு ஈடு உள்ளே போக வேண்டும். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் ஒரு சின்னச் சொம்பு, ஒரு கை சர்க்கரை, மூன்று விரலில் எடுக்கும் உப்பு. கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது. கரண்டி கரண்டியாக, இராத்திரியும் விடாமல். வாந்தி வந்தால் கொஞ்சம் பொறுத்து மறுபடியும். நடுவில் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர். காலைக்குள் சிறுநீர் இறங்காவிட்டால் வேலூர் பெரிய ஆஸ்பத்திரி. இப்போதே உள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போய் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிக்கொள்வது நல்லது என்றார். அக்கா மாட்டேன் என்றாள். நரம்பு வழியாக ஏறினாலும், இராத்திரியில் ஏறினால் விரதம் போனதுதானாம்.

அதே நாள், பிறகு

சாயங்காலம் வரை கரண்டி நின்றதில்லை. என் கையால் வேண்டாம் என்றாள். கனகவதி ஊட்டினாள். பாதி உள்ளே, பாதி பாயில்.

அப்புறம் கேட்டாள். “விளக்கு வெச்சாச்சா?”

“வெச்சாச்சு அண்ணி.” பொய் சொல்லியிருக்கலாம். கனகவதிக்குப் பொய் வராது.

வாயை மூடிக்கொண்டாள். கனகவதி கெஞ்சினாள், அழுதாள். ஒன்றும் நடக்கவில்லை. அக்காவின் கையைத் தொட்டேன். ஜில்லென்றிருந்தது. தட்டிவிடக்கூட அவளுக்குத் தெம்பில்லை. அதுதான் எனக்குப் பயம் தந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

“சரி, செத்துப் போ. காலையில செய்தி அனுப்பறேன். கல்யாணச் சாப்பாட்டில் பெண் சாவு. அனந்தம்மாள், களம்பூர், இன்னாரோட சம்சாரம். மில்லையும் போடுவேன். அப்பதான் ஊருக்கு ஆளு தெரியும்.”

கண் திறந்தது. “அவர் பேரை எடுக்காதே.”

“பேரில்லாம செய்தி கிடையாது. சாவறது உன் இஷ்டம், எழுதறது என் வேலை.”

பிறகு கையை நீட்டினாள், என்னிடம். “குடு. இந்தப் பாவம் உன்னுது. மனசுல வெச்சுக்கோ.”

குடித்தாள். வாந்தி எடுத்தாள். மறுபடியும் கையை நீட்டினாள்.

எழுதியிருப்பேனா? மாட்டேன் என்று இங்கே எழுதப் பார்க்கிறேன். கை வரவில்லை.

20-5-1981, புதன்

காலையில் சிறுநீர் இறங்கியது. கனகவதி சொன்னாள். செய்தி அனுப்பினேன். நான்கு வரி, பெயர் எதுவும் இல்லை.

21-5-1981, வியாழன்

கஞ்சி குடிக்கிறாள். “உப்பு தூக்கல். இந்த வீட்ல எதுதான் அளவா இருந்தது?”

பேப்பரைக் கனகவதியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். முடிந்ததும் என் பக்கம் திரும்பாமலே கேட்டாள். “என் பேர் இல்லியா?”

“உயிரோட இருக்கறவங்க பேரைப் போடறதில்ல” என்றேன்.

“அவரும் அன்னிக்கு உயிரோடதான் இருந்தாரு.”

பதில் இருந்தது. அது வேறு வகைச் செய்தி. பொது விஷயம், வழக்குப் பதிவானது. சொல்லவில்லை. பயந்து அல்ல. தோலைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடிப்பு உடனே விழுந்துவிட்டது. அதைத்தான் நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

24-5-1981, ஞாயிறு

போய்விட்டாள். பஸ் ஸ்டாண்டு வரை போனேன். பின்னால்தான் நடக்க விட்டாள். ஏறும்போது நின்று சொன்னாள்:

“நம்ம மடத்துல சாமிகிட்ட போய் விரதம் போச்சுன்னு சொல்லப் போறேன். நீயும் வரணும். யார் குடுத்தது, என்ன சொல்லிக் குடுத்தே, எல்லாம் உன் வாயாலயே சொல்லணும். பேப்பர்ல எழுதற மாதிரி, ஒண்ணு விடாம. என் புருஷனைப் பத்தி மட்டும் எழுதத் தெரியுதில்ல? இதையும் சொல்லு.”

வர முடியாது என்றேன். வண்டி கிளம்பிவிட்டது. கேட்டதா என்று தெரியாது.

திரும்பி வரும் வழியெல்லாம் ஆத்திரம். நான் எதற்குப் போய் வாக்குமூலம் கொடுக்க வேண்டும்? உயிர் இருக்கிறதே, அது போதாதா?

29-5-1981

தங்கவேலு வந்தார், ரிக்ஷாக் கூலி வாங்க என்று நினைத்தேன். அக்கா அன்றே தந்துவிட்டாளாம், தனியாகக் கூப்பிட்டு. அவள் சொல்லிவிட்டதை மட்டும் சொல்ல வந்திருக்கிறார்: தம்பியிடம் பைசா வாங்கக் கூடாது.

3-6-1981, புதன்

களம்பூர் வண்டிக் கண்டக்டர் துரைக்கண்ணு வாசலிலேயே நின்று சொன்னார். “உங்கக்கா ஞாயித்துக்கிழமை மொத வண்டில வராங்களாம். மடத்துக்குப் போக செஞ்சி பஸ்ஸுல உங்களுக்கும் எடம் போடச் சொன்னாங்க. பக்கத்து சீட்டு மட்டும் வேணாமாம்.”

ஜன்னலோரம் போடச் சொன்னேன்.

கனகவதி சின்னச் சொம்பைத் தேய்த்து வெளியே எடுத்து வைத்திருக்கிறாள். வழியில் அண்ணிக்குத் தாகம் எடுக்குமாம், பகல்தானே. என்ன சொன்னேன், என்ன கொடுத்தேன் என்று மனசுக்குள் வரிசைப்படுத்திப் பார்த்தேன். ‘செத்துப் போ’ என்ற இடத்தில் நின்றுவிடுகிறது. ஒன்றும் விடக் கூடாது என்றிருக்கிறாள். விடமாட்டேன்.

நிலுவையில் உள்ளவை: தயிர் சாதச் சோதனை முடிவு அடுத்த வாரக் கடைசியில் வரும் என்கிறார் தருமன். விரதம் போனதற்கு மடத்தில் என்ன சொல்வார்கள் என்பது ஞாயிறன்று தெரியும், பொழுது சாய்வதற்குள்.