பூங்கா வாசலும் மந்தாரக்குப்பத்து மாடும்

மார்ச் 3, திங்கள்

சத்தியமாகச் சொல்கிறேன்: இனி எழுதப்போவதை எந்த மனிதப் பிறவியும் நம்பாது. நாளைக்குப் படித்தால் நானே நம்பமாட்டேன்.

எங்கள் சுரங்கக் கம்பெனி குவார்ட்டர்ஸுக்கு நேர் எதிரே பூங்கா. அதன் வாசலில், மாடு நுழையாமலிருக்க, குறுக்கும் மறுக்குமாக இரும்புக் கம்பி. ஒருக்களித்து, இடமும் வலமும் வளைந்துதான் போகணும். சைக்கிள் நுழையாது. முழங்கால் ஆபரேஷன் ஆன என் அக்கா புஷ்பவல்லியின் வாக்கரும் நுழையாது. டாக்டரோ, தினம் நடக்காவிட்டால் கால் மடங்காது என்று சொல்லிவிட்டார். ஆகவே அவள் மகள் சத்யா ஸ்கூட்டரில் ஏற்றி, பிளாக்கையே சுற்றிக் கொண்டுபோய், அந்தப் பக்கத்துப் பெரிய கேட்டில் இறக்கிவிடுகிறாள். நடப்பதற்காக வண்டியேறும் ஒரே பெண்மணி, மூவுலகிலும் என் அக்காதான்.

மார்ச் 5

வாட்ச்மேன் செங்குட்டுவனிடம் கேட்டேன். "மாடு வரக் கூடாதுன்னு வச்சிருக்காங்க சார்" என்றான். அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு மாடு செம்பருத்தி தின்னுகினு இருந்தது.

மார்ச் 6

மறைந்திருந்து பார்த்தேன். பக்கத்து ஊர் மந்தாரக்குப்பத்து மாடு. மூச்சை இழுத்தது, வயிற்றை ஒட்டியது, இடம், வலம், உள்ளே. திரும்பிப் போகும்போது என்னைப் பார்த்துக் கண்ணடித்தது.

மார்ச் 10

சத்யாவுக்கு இன்றிலிருந்து காலை ஷிப்ட். "மாமா, அம்மாவ இனிமே யாரு கூட்டிட்டுப் போறது?" நான் ஸ்கூட்டர் ஓட்டினால் ஊருக்கு ஆகாது. "விடுடி, ஹாலுக்கும் கிச்சனுக்கும் நடந்துக்கிறேன்" என்றாள் அக்கா.

மார்ச் 14

எங்க நடந்தா? டிவி முன்னாடியே உட்கார்ந்துகினு இருக்கா. கால் நீட்டினது நீட்டினபடி. மாடு போவுது, இவ போவக் கூடாதா — என்ன நியாயம் இது?

மார்ச் 17

பூங்கா அதிகாரி ஜெயராமனைக் கையோடு இழுத்து வந்தேன். "ஈஸியா போலாமே சார்" என்று அவரே நுழைந்து காட்டினார். இரண்டாவது வளைவில் தொந்தி மாட்டிக்கொண்டது. பின்னால் மாடு வந்து வரிசையில் நின்றது. மரியாதைக்குக் கொஞ்சம் பொறுத்தது. பிறகு நெற்றியால் தள்ளியது. அவர் போட்ட சத்தத்தில் நிலக்கரிச் சுரங்கத்து இயந்திரமெல்லாம் நின்று, கரண்ட் போய், சென்னையில் ஃபேன் ஓடவில்லையாம்.

மார்ச் 20

வெல்டர் வந்தார், கம்பி போயிற்று. நடுவில் ஒரே ஒரு தூண். இருபக்கமும் சைக்கிள் போகும், வாக்கர் போகும். மாடு வந்து பார்த்தது. இவ்வளவு சுலபமா என்று வெறுத்துத் திரும்பிவிட்டது.

மார்ச் 24

சரி, முக்கால்வாசி புளுகு. மாடு கண்ணடிக்கவில்லை. சென்னையில் ஃபேன் நன்றாகவே ஓடியது.

ஒன்று மட்டும் நிஜம். காலையில் வூட்டில் அக்காவைக் காணோம். பதறிக்கொண்டு ஓடினேன். பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், வாக்கரைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு.

"மூச்சு வாங்குது பாரு, தினம் கொஞ்சம் நடடா" என்றாள்.

அவள் முழங்கால் மடங்கியிருந்தது.