பெட்டியின் அடியில் ஒரு துளை

கராச்சர்மா
ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்கூட்டி போதாதா என்று போனில் கேட்டாய். போதாது. ஸ்கூட்டியில் கால் சும்மா இருக்கும். தகடு வைத்த காலைச் சும்மா வைத்தால் முட்டி இறுகிவிடும் என்று டாக்டர் உன் முன்னால்தான் சொன்னார். வெறும் சைக்கிள் என்றால் மேட்டில் முட்டி மடங்க மறுக்கிறது. அதனால் மோட்டார் வைத்த சைக்கிள். முடிகிற வரை நான் மிதிப்பேன். முடியாத இடத்தில் அது இழுக்கும்.

நான் நலம். மதினியும் பிள்ளைகளும் நலமா? போனில் நீ மட்டும்தான் பேசுகிறாய், என்னைப் பேசவிடுவதில்லை. அதனால் கடிதம்.

முதலில் பெட்ரோல் இன்ஜின் வைத்த சைக்கிள் ஒன்றை இரவல் வாங்கி ஓட்டினேன். அதிர்வு நேராக முட்டிக்குப் போயிற்று. கப்பல் ஏறுகிற ஜெட்டியில் விசாரித்தேன். டேங்கில் பெட்ரோல் இருந்தால் கப்பலில் ஏற்ற முடியாது, "நஹி சலேகா, மேடம்" என்றார்கள். இந்தச் சைக்கிளில் தீவுகளின் வடகோடி வரை போகப்போகிறேன்; அதில் ரங்கத் வரை மட்டும் கப்பல். தரைவழியில் இருப்பது ஜாரவாப் பழங்குடிகளின் காடு. அங்கே சைக்கிளில் போகக்கூடாது. எனக்கும் போக விருப்பமில்லை. ரங்கத்தில் இறங்கி மாயாபந்தர். பிறகு டிக்லிபூர். சாலை முடிகிற வரை.

ஆகவே பேட்டரி. பேட்டரியை விமானப் பார்சலில் ஏற்றமாட்டார்களாம். மோட்டார் முன்னால் வந்து கட்டிலடியில் கிடந்தது. பேட்டரி கப்பலில், தன் இஷ்டத்துக்கு வந்து சேர்ந்தது.

சைக்கிளின் சட்டம் இரும்பு. கனம்தான். ஆனால் அலுமினியம் விரிசல் விட்டால் மாயாபந்தரில் யார் ஒட்டுவார்கள்? இரும்பென்றால் கிரில் செய்கிற எந்தப் பட்டறையிலும் ஒட்டலாம். மோட்டார் பின்சக்கரத்தில். முன்சக்கரத்தில் வைத்தால் சேற்று மேட்டில் வழுக்கும்.

எல்லாம் பூட்டிக் கொடுத்தது தமிழரசி. உனக்குத் தெரியாது. கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். இங்கே இன்வெர்ட்டர் கடையில் வேலை. "என்னாங்கக்கா, ஒங்க காலுக்கும் இரும்பு, சைக்கிளுக்கும் இரும்பு, ரெண்டுல எது மொதல்ல துருப்புடிக்கும்?" என்றாள். விபத்துக்குப் பிறகு என் காலைப் பற்றிச் சிரித்த முதல் ஆள். நானும் சிரித்தேன்.

ஒரு தவறு செய்தோம். இந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். மழைக்கும் உப்புக் காற்றுக்கும் பயந்து எதையும் பாலிதீனில் கட்டுவோமே, அப்படி பேட்டரிப் பெட்டியை மூன்று சுற்று சுற்றி, டேப் ஒட்டினோம். சிடியாடாப்பு போகிற வழியில், மேட்டில், மோட்டார் நின்றது. அன்று மழையே இல்லை. பிரித்தால் உள்ளே முத்து முத்தாகத் தண்ணீர். வெயிலில் அது உள்ளுக்குள்ளேயே வியர்த்திருக்கிறது. ஒயர் முனைகள் பச்சை பிடித்திருந்தன.

தமிழரசி ஜீப் ஒன்றை நிறுத்தினாள். நான் ஏறவில்லை. "ஜித்து புடிக்காதீங்கக்கா" என்று என் பிடிவாதத்தைத் திட்டிக்கொண்டே ஏறிப்போனாள். நான் மிதித்தேன். நின்றேன். தள்ளினேன். மறுபடி மிதித்தேன். வீடு வந்தபோது அவள் டீ போட்டு, அது ஆறி, இரண்டாவது தடவை போட்டிருந்தாள்.

மறுநாள் பெட்டியின் அடியில் துளை போட்டாள். மேலே மூடி. கீழே காற்று. அதற்குப் பிறகு மோட்டார் நிற்கவில்லை.

பிறகுதான் அறை மூலையைப் பார்த்தேன். விபத்துக்குப் பிறகு என்னை உன் வீட்டுக்குக் கூட்டிப்போவதற்காக நீ கட்டிவைத்துப் போன மூட்டைகள். பாலிதீன், அதன்மேல் பாலிதீன், கயிறு. ஒவ்வொன்றிலும் உன் கையெழுத்தில் என் பெயர், கீழே திருநெல்வேலி. ஒன்றைப் பிரித்தேன். புத்தகங்கள் பூஞ்சை பூத்திருந்தன. பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. நீ எவ்வளவு கவனமாகக் கட்டினாய் என்று எனக்குத் தெரியும். கண்ணாடி டம்ளரைக் கட்டுவதுபோல் கட்டினாய்.

டிக்லிபூர் போய்ச் சேர்ந்தால் இங்கே இருப்பேன். பாதியில் நின்றாலும் இங்கேதான் இருப்பேன். இதில் பந்தயம் எதுவும் இல்லை.

நீ மாடியில் எனக்கென்று அறை கட்டியிருப்பதாக மதினி சொன்னாள். அதில் பிள்ளைகள் படிக்கட்டும். ஜன்னலைத் திறந்து வை.

அனுமதி கேட்டு இதை எழுதவில்லை. ஆனால் நீ வாழ்த்தாமல் நான் எந்தப் பரீட்சைக்கும் போனதில்லை, அண்ணா. கோபமாக இருந்தாலும் ஒரு வரி எழுது.

உன் தங்கை,
அகிலா

பி.கு. திங்கள் காலை. மீதி மூட்டைகளையும் பிரித்து, புத்தகங்களை வெயிலில் காயவைத்தேன். ஜெட்டிக்கு சைக்கிளில் போய் ரங்கத் கப்பலுக்கு டிக்கெட் எடுத்தேன்.