சிங்கப்பூர்க் கைதட்டல்

அருப்புக்கோட்டை,
12-10-91, சனிக்கிழமை.

பிரியமுள்ள ஜோஸ்வா அண்ணனுக்கு, தங்கை ஹெப்சிபா எழுதுவது.

நீங்கள் பம்பாயிலிருந்து அனுப்பிய டேப்பில் மூன்றாவது பாட்டு முடிந்ததும் கைதட்டு எழுகிறதல்லவா? அது ஒரு நொடி தொய்ந்து, பிறகு நிமிர்கிறது. நான் முதலில் கவனித்தது அதைத்தான்.

அதற்குள் போகுமுன் வீட்டுச் சேதியைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. பந்தல்குடிப் பக்கம் இன்னும் மழை இல்லை. விதைத்தவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் வேலை செய்யும் ஸ்டுடியோவில் உங்களை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று அம்மா சர்ச்சில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டார்கள். திருச்சுழி வீரபத்திரன் சாருடைய ஐந்து ஸ்பூல் டேப்புகளையும் முதலாளி கையில் கொடுத்தால்தான் அந்த வேலை என்பதை மட்டும் சொல்லவில்லை. அது அம்மாவுக்கே தெரியாது.

இன்பராஜ் மாமாவின் கேசட் கடையில் எப்போதும் போலக் கூட்டம். நான் பின்பக்கம் அலமாரி மறைவில் உட்கார்ந்து பதிவு செய்து கொடுக்கிறேன். மாமாவின் கிண்டலும் நிற்கவில்லை. "கடையில புதுக் கேசட்டு அம்புட்டுக் கெடக்கு. எவனோ கூட்டத்துக்குள்ள மெஷின மடியில ஒளிச்சு வச்சு எடுத்த இருபது வருசத்து இரைச்சலுக்கு அண்ணனும் தங்கச்சியும் மார்க்குப் போடுறீக" என்கிறார். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட எனக்குத் தெரிந்த ஒரே பரீட்சை அதுதானே என்று நினைத்துக்கொள்வேன்.

உங்கள் டேப் செவ்வாய்க்கிழமை வந்தது. இங்கிலீஷ் பாட்டுக்கார காப்பர் ஃபெர்ரி குழு 1972-இல் பம்பாய்க்கு அடுத்துச் சிங்கப்பூரில் பாடியது, கூட்டத்திலிருந்து எடுத்தது, உலகத்தில் வேறு யாரிடமும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். நான் தரம் 'ஏ' என்று சீட்டு எழுதிக் கொடுத்தால் சார் இதை வாங்கிக்கொண்டு ஸ்பூலைக் கொடுத்துவிடுவார் என்றும் எழுதியிருந்தீர்கள். நானும் ஆசையாகத்தான் கேட்டேன். பாட்டு அவர்களுடையதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் பாட்டைச் சுற்றி இடமே இல்லை. கூரை உயரம் தெரியவில்லை, பக்கத்தில் இருமுகிறவன் இல்லை, கதவடைத்த அறையில் பாடியது போல இருக்கிறது. பாட்டு முடிந்ததும் மட்டும் ஒரு பெரிய மண்டபம் வந்துவிடுகிறது. டேப் எடுத்தவன் நடுவில் நிறுத்தி நிறுத்தி எடுத்திருப்பான் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன்.

புதன்கிழமை மறுபடி கேட்டேன். கைதட்டு தொய்கிற அந்த இடம் என் காதுக்குப் பழகிய இடமாக இருந்தது.

நான் ஏழாவது படித்தபோது தூத்துக்குடிக் கப்பல்காரர் ஒருவர் 73-ஆம் வருஷத்து வேறொரு நிகழ்ச்சியின் டேப்பை ஒரே ஒரு சாயங்காலத்துக்குக் கொடுத்தாரே, நினைவிருக்கிறதா? அன்றைக்கு நீங்கள் நகல் எடுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்துத் தறிக்கூடத்தில் மோட்டார் போட்டார்கள். பல்பு மங்கியது, அவர் டேப் ஓடிய டெக்கின் ஓட்டம் தளர்ந்தது. நீங்கள் தலையில் அடித்துக்கொண்டீர்கள். மாமா ஸ்டெபிலைசர் வாங்கியது அதற்குப் பிறகுதான். அந்த நகலில் கைதட்டு தொய்கிற இடமும், அதற்கு அடுத்து வருகிற இரட்டை விசிலும் எனக்கு மனப்பாடம். உங்களுக்கும்தான். கேட்டுக் கேட்டுப் பழகியதால், வெட்டி ஒட்டும்போது அது உங்கள் காதில் விழாமல் போயிருக்கும்.

இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டேன். ஒன்பது தரம் போட்டேன்.

அண்ணா, ஸ்டுடியோவில் கிடைத்த டேப்புக்கு முன்னால் நீங்கள் நம் 73 நகலின் கூட்டத்தைக் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறீர்கள். அறையில் பாடியது என்று உள்ளபடி எழுதியிருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு 'ஏ' போட்டிருப்பேனே.

உங்களிடம் கேட்க போன் பேசலாம் என்று எஸ்.டி.டி. பூத் வரை போனேன். உள்ளே நாலு பேர் நின்றார்கள். திரும்பி வந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை சீட்டில் 'பி' என்று எழுதி மாமாவிடம் கொடுத்தேன். அது பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை என்று நினைத்தேன். அது தப்பு.

இன்று இரண்டாம் சனி, தாலுகா ஆபீஸ் லீவு. சார் திருச்சுழியிலிருந்து பத்தரை பஸ்ஸிலேயே வந்துவிட்டார். ஸ்பூல்கள் மஞ்சப்பையில் இருந்தன. காலேஜ் பையனாக இருந்தபோது பம்பாயில் இதே குழு பாடியதைத் தரையில் உட்கார்ந்து, கடன் வாங்கிய மெஷினில் அவர் கையாலேயே எடுத்தவை. இத்தனை வருஷமாகக் கடைக்கு வருகிறார், என் குரலை அவர் கேட்டதில்லை. வந்ததும் வராததுமாக, "ஏய்யா இன்பராஜு, ஒம் மருமக பெரிய டாக்டரம்மா போல. சீட்டு மட்டும் வருது, ஆளக் காணமே" என்று சிரித்தார். மாமா சீட்டை நீட்டினார்.

'பி'யைப் பார்த்ததும் சாருக்குச் சந்தோஷம். "பாப்பா 'பி' போட்டா மத்தவுகளுக்கு அது 'ஏ'யா. பாட்டு எப்பிடி இருந்தாலும் பரவாயில்ல, எனக்கு அந்தக் கூட்டந்தான் வேணும்" என்றார். அவருடைய அண்ணன் அப்போது சிங்கப்பூரில் வேலையில் இருந்தாராம், அந்த நிகழ்ச்சிக்குப் போனாராம். "மூணாவது பாட்டு முடியவும் ரெண்டு விசிலு அடிச்சேம்னு இன்னைக்கும் சத்தியம் பண்றாருய்யா. புளுகாதீகன்னு நான் சொல்லாத வருசமில்ல. பொங்கலுக்கு வாராரு. வச்சுக் கேட்டுருவோம்ல" என்று மாமா தோளைத் தட்டினார். தட்டிவிட்டு மஞ்சப்பையை மேஜை மேல் வைத்தார்.

அந்த விசில் டேப்பில் இருக்கிறது, அண்ணா. மூன்றாவது பாட்டுக்குப் பின்னால் சரியாக இரண்டு. அவர் கேட்பார், நம்புவார், பொங்கலுக்குத் தன் அண்ணனிடம் மன்னிப்புக்கூடக் கேட்பார்.

நான் அலமாரிக்குப் பின்னாலிருந்து இரண்டு டேப்பையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. முன்பக்க டெக்கில் 73-ஐப் போட்டு அந்த இடத்தை ஓடவிட்டேன். அடுத்து உங்களுடையதைப் போட்டேன். கூட்டம் ஒரே இடத்தில் தொய்ந்தது, ஒரே இடத்தில் விசிலடித்தது. "சார், இது சிங்கப்பூரு இல்ல. எங்க கடையில அன்னைக்குக் கரண்டு எறங்குனது" என்றேன். பாதிதான் வெளியே வந்திருக்கும்.

அவர் இன்னொரு தரம் போடச் சொன்னார். போட்டேன். "ஒங்க அண்ணன் செஞ்சதா தாயி?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். "நல்ல காதுக்காரப் பய" என்று மட்டும் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

மாமா, "கூடப் பொறந்தவன் பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டியே, இம்புட்டு நாளு வாயத் தொறக்காதவ இதுக்குத்தான் தொறந்தியா?" என்று கத்தினார். கடைக்கு வந்திருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு சார் பின்னாலேயே பஸ் ஸ்டாண்டு வரை ஓடினேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஜன்னலுக்குக் கீழே நின்று, "எங்க அண்ணன் ஒங்களுக்கு எழுதுவாரு சார்" என்றேன். "என்னத்த எழுதுவான்?" என்று கேட்டார். பஸ் கிளம்பிவிட்டது.

அம்மா மத்தியானத்திலிருந்து என்னிடம் பேசவில்லை. சோறு மட்டும் போட்டு வைத்துவிட்டுப் போனார்கள். முதலாளியிடம் நீங்கள் என்ன சொல்வீர்களோ தெரியவில்லை. என்னைத் திட்டி எழுதினாலும் எழுதுங்கள், எழுதாமல் இருந்துவிடாதீர்கள். அந்த வேலை இல்லாமல் ஊருக்கு வந்தாலும் வாருங்கள், கடையில் உங்கள் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. ராத்திரி ஜெபத்தில் அம்மா முதலில் சொல்கிற பேர் இன்னும் உங்களுடையதுதான். பம்பாயில் கர்த்தர் உங்கள் பக்கத்திலேயே இருக்கட்டும்.

தபாலாபீஸில் ஒரு கவர் வாங்கி, வீரபத்திரன் சார், தாலுகா ஆபீஸ், திருச்சுழி என்று முகவரி எழுதி, ஸ்டாம்பும் ஒட்டி, இதற்குள் மடித்து வைத்திருக்கிறேன்.

உங்கள் தங்கை,
ஹெப்சிபா