எந்தக் கதவுக்கு இந்தச் சாவி

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று இந்த முறை கேட்கப் போவதில்லை, கேட்டால் "நல்லா இருக்கேன்பா" என்று சொல்லிவிடுவாய், அதை இப்போது நான் நம்புவதாக இல்லை. ஃபோனிலேயே பேசலாமே என்பாய். நான் ஃபோனை எடுத்தாலே அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள், போடாவிட்டால் தோளோடு தோள் ஒட்டி வந்து காதைக் கொடுக்கிறாள். இது அவள் காதில் விழக்கூடாத விஷயம். அதனால்தான் கடையில் சாவி வெட்டும் மெஷினை நிறுத்திவிட்டு, மேஜைமேல் கிடந்த பித்தளைத் தூளை ஊதித் தள்ளிவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, மாடிப்படியைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள். உன் சித்தப்பா புது ஃபோன் வாங்கி, உலகத்தில் இருக்கிற எல்லா வதந்தியையும் முதல் ஆளாக எனக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார். கடை எப்போதும்போல நடக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய பார்சல் வந்தது. உள்ளே இரண்டு பிளாஸ்டிக் குழாய், ஒன்றில் என் பெயர், இன்னொன்றில் அம்மா பெயர், ஆளுக்கு ஒன்றில் எச்சில் துப்பி உனக்குத் திருப்பி அனுப்பச் சொல்லியிருந்தாய். எதற்கு என்று கேட்டால் தோழி ஒருத்தியின் ஆராய்ச்சிக்கு என்றாய். எனக்கு அப்போதே மூக்கில் வேர்த்தது. எந்தக் கதவுக்கு என்று சொல்லாமல் டூப்ளிகேட் கேட்டு வந்தவனுக்கு நான் இன்றுவரை சாவி வெட்டிக் கொடுத்ததில்லை, அது உனக்கே தெரியும், பெற்ற மகள் என்பதற்காக அந்தப் பழக்கத்தை விட முடியுமா. சித்தப்பாவிடம் சொன்னது என் தப்பு. "இதெல்லாம் யாரு பெத்த புள்ளன்னு கண்டுபிடிக்கத்தாண்ணே கேப்பாங்க" என்று ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். அம்மா காதில் விழுந்து, "அவ மூக்கையும் உங்க அண்ணன் மூக்கையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, ஆராய்ச்சி எதுக்கு" என்று அவரை வாசல்வரை விரட்டிவிட்டாள். பிறகு எனக்கு வேறொரு சந்தேகம். நீ யாரையோ கல்யாணம் செய்துகொள்ள நினைக்கிறாயோ, அந்த வீட்டார் நம் வம்சத்தையே சோதித்துப் பார்க்கிறார்களோ என்று ஒரு வாரம் அந்த முகம் தெரியாத பையனை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அப்படி ஒருவன் இருந்தால் அவனிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

ஆனால் அம்மா ஒன்றைக் கவனித்தாள், நான் இன்னொன்றைக் கவனித்தேன். அன்று வீடியோ காலில் வந்தபோது நீ வாயில் எதுவும் வைக்காமல் வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டிருந்தாய், நடுவில் இரண்டு தடவை எழுந்து ஓடினாய். டயட் என்றாய். உன் மாமாவுக்குக் குடலில் கேமரா விட்டுப் பார்ப்பதற்கு முந்தின நாள் இதே கூத்துதான் நடந்தது, அம்மா மறப்பாளா. நான் கவனித்தது வேறு. போன மாதத்திலிருந்து நீ ஃபோன் செய்யும்போதெல்லாம் அம்மாவுக்கு வயிறு எப்படி இருக்கிறது, வெளியே போகும்போது ரத்தம் தெரிகிறதா, இளைத்திருக்கிறாளா என்று துருவித் துருவிக் கேட்கிறாய். எனக்கும் ஒரு வயிறு இருக்கிறது, அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குக் கோபம்தான். மாமா எந்த வயதில் படுத்தார், தாத்தா எதனால் போனார் என்றும் பேச்சோடு பேச்சாக வாயைப் பிடுங்கியிருக்கிறாய். மாமா நாற்பதைத் தொடும் முன்பே போய்விட்டார், அந்தப் பேச்சை எடுத்தாலே அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள் என்று தெரிந்தும் கேட்டிருக்கிறாய்.

நம் தெரு பயாலஜி டீச்சரை உனக்கு ஞாபகம் இருக்கும். வாசல் சாவியை அடிக்கடி தொலைக்கிறார், நகலிலிருந்து நகல் எடுத்தால் பல் தேய்ந்துகொண்டே போகும் என்று அவருடைய அசல் சாவியை நான் கடையிலேயே ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். போன வாரம் மறுபடி தொலைத்துவிட்டு வந்தார், சாவி வெட்டிக்கொண்டே மெல்ல விசாரித்தேன். உடம்பில் ஒவ்வொரு செல்லும் இரண்டாகப் பிரிவதற்கு முன் தன் டி.என்.ஏ. முழுவதையும் நகல் எடுக்கிறதாம். அது முறுக்கிய இரட்டை இழை, பிரித்துவிட்டு ஒவ்வொரு பழைய இழைக்கும் எதிரே ஒரு புது இழையை எழுத்து எழுத்தாகச் சேர்க்கிறதாம். சேர்க்கிறபோதே தப்பு விழுந்தால் ஒரு அடி பின்வாங்கி அதை எடுத்துவிட்டுச் சரியானதை வைக்கிறதாம். அதையும் தாண்டித் தப்பியதைப் பிடிக்கப் பின்னாலேயே இன்னொரு கூட்டம் வருகிறதாம், தப்பான இடத்தை வெட்டி எடுத்து நிரப்பிவிடுமாம். நான் விடவில்லை. "ரெண்டு இழையும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தலன்னா எது பழசு, எது புதுசுன்னு அதுக்கு எப்படித் தெரியும் டீச்சர், பழசைப் போய்த் திருத்திட்டா?" என்று கேட்டேன். புது இழையில் அங்கங்கே இன்னும் ஒட்டாத வெட்டு இருக்குமாம், அதை வைத்துக் கண்டுபிடிக்கும் என்றார். நம் கடையில் புதுச் சாவியைப் பிசிறை வைத்துக் கண்டுபிடிப்போமே, அதுபோல. எனக்கு அது பிடித்துப் போனது. அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் பிடிக்கவில்லை. அந்தத் திருத்துகிற கூட்டத்தைச் செய்வதற்கான குறிப்பும் அதே டி.என்.ஏ.யில்தான் இருக்கிறதாம், அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஒன்று பழுதாகப் பிறந்தாலும் மற்றது தாங்கும், அதுவும் ஏதோ ஒரு செல்லில் கெட்டுவிட்டால் அங்கே தப்பு சேர ஆரம்பிக்குமாம். குடலின் உட்சுவர் ஓயாமல் உதிர்ந்து புதிதாகிக்கொண்டே இருக்கும், நகல் அதிகம் எடுக்கிற இடம், அங்கேதான் புற்றுநோயாக வரும், சில குடும்பங்களில் சின்ன வயதிலேயே வரும் என்றார். கையிலிருந்த அரத்தை மேஜைமேல் வைத்துவிட்டேன். அந்தப் பழுது உன்னிடம் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள், எங்கள் இருவரில் யார் கொடுத்தது என்று பார்க்கத்தான் குழாய் வந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. சரியா தப்பா, எழுது.

இதில் அம்மா செய்த வேலையைக் கேள். நான் என் குழாயில் துப்பி அலமாரியில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் வந்து, "உங்க குழாய் மூடி சரியில்ல, எல்லாம் கசிஞ்சுபோச்சு, இதுல ஒரு தடவ துப்புங்க" என்றாள். மேலே இருந்த பெயரைக்கூடப் பார்க்காமல் துப்பினேன். மறுநாள் பார்சலை ஒட்டிக் கையில் கொடுத்து அனுப்பச் சொன்னாள். கடைக்கு வந்தபிறகுதான் உறைத்தது, வந்ததே இரண்டு குழாய், கசிந்ததற்குப் பதிலாக மூன்றாவது எங்கிருந்து வந்தது? பிரித்து வெளிச்சத்தில் பார்த்தேன். ஒன்றும் கசியவில்லை. இரண்டிலும் இருப்பது நான்தான். என் கண்ணிலேயே மண்ணைத் தூவியிருக்கிறாள். பார்சலை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டு, அனுப்பிவிட்டேன் என்று நானும் ஒரு பொய் சொன்னேன்.

இதுவரை எழுதியிருந்தபோது அம்மா சாப்பாட்டுடன் வந்துவிட்டாள். நான் காகிதத்தை மறைக்க, அவள் இழுப்பறையைப் பார்க்க, சாவி அதிலேயே தொங்கிக்கொண்டிருந்தது, பூட்டுக்காரன் வீட்டு லட்சணம். பார்சலைக் கையில் எடுத்துக்கொண்டு, "எனக்கு அப்பவே சந்தேகம், நீங்க அனுப்பியிருக்க மாட்டீங்கன்னு" என்றாள். எனக்கும் அப்பவே சந்தேகம்தான் என்றேன். முதலில் சண்டை போட்டாள், பிறகு வாடிக்கையாளர் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். "எங்க அப்பா, என் தம்பி, இப்ப என் பொண்ணு. நடுவுல நான்தானே இருக்கேன். என்கிட்டேருந்துதான் போச்சுன்னு எழுதி வந்தா அவ மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. கிளாஸில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். அப்போதுதான் என் மரமண்டைக்கு ஒன்று எட்டியது. உன்னிடம் பழுது இருப்பது உனக்குத் தெரிந்துபோன விஷயம், யார் கொடுத்தது என்று தெரிந்து உனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. பின் ஏன் மாதம் முழுக்க அம்மாவின் வயிற்றையே விசாரித்தாய், என்னுடையதைக் கேட்கவே இல்லை? நீ குற்றவாளியைத் தேடவில்லை. அவளுக்குள்ளும் அது இருந்தால், அவள் தம்பியைப்போலப் போவதற்கு முன்னால் பிடித்துவிடப் பார்க்கிறாய். எந்தக் கதவுக்கு இந்தச் சாவி என்று இத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன், அது அவளுடைய கதவு. அந்தச் சாவிக்குப் பதிலாகத்தான் அவள் என் எச்சிலை அனுப்பப் பார்த்தாள். இதைச் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "அப்போ அவளுக்கு என் மேல கோவம் இல்லையா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்று நானே சொல்லிவிட்டேன், நீ அதை ஃபோனில் வாயால் சொல்லி முடித்துவிடாதே, கடிதமாக எழுது. அவள் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும்.

என் குழாய் இதோடு வருகிறது. டீச்சரிடம் கேட்டுக் குடலுக்குப் பார்க்கிற டாக்டரிடம் அம்மாவுக்கு நாள் வாங்கிவிட்டேன், நானே கூட்டிக்கொண்டு போகிறேன், பட்டினி கிடக்கிற அன்று நானும் கிடக்கிறேன். கேமராவில் உனக்கு என்ன தெரிந்தது என்று ஒன்றையும் மறைக்காமல் சொல், எவ்வளவு மோசமாக இருந்தாலும் என் சந்தேகத்தைவிட மோசமாக இருக்காது. தனியாகத் தாங்கிக்கொண்டு திரியாதே, நாங்கள் எதற்கு இருக்கிறோம். வேளைக்குச் சாப்பிடு. நீ நூறு வயது நோய்நொடி இல்லாமல் இருக்க எங்கள் இருவரின் ஆசிகள், அந்த முகம் தெரியாத பையன் இருந்தால் அவனுக்கும்.

மறக்காமல் இன்னொரு குழாய் அனுப்பு. அதன்மேல் அம்மாவின் பெயரை அச்சடித்து ஒட்டாமல் நீயே உன் கையால் எழுது. உன் எழுத்தைப் பார்த்துவிட்டால் அதில் என்னைத் துப்பச் சொல்ல அவளுக்கு மனசு வராது.

இப்படிக்கு,
அம்மா வைத்த பெயர்ப்படி,
உன் சந்தேகப் பிராணி அப்பா